யார் சொன்னது என்ற கட்டம்

16.6.2022, வியாழன்

காலைப் பணி. சலவைக்குப் போன நாற்பது படுக்கை விரிப்பில் முப்பத்தாறுதான் திரும்பியது. அந்தச் சண்டையில் இருக்கும்போதே அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் பிளாண்டில் அமோனியா கசிந்துவிட்டது. மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கிளம்பும் வாரம், ஐஸுக்கு வரிசை. பதினொன்றே காலுக்கு ஒரே வேனில் ஆறு பேரைக் கொண்டுவந்தார்கள். ஐந்து பேர் பிழைத்துவிடுவார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆறாவது ஆள் சகாயராஜ், வயது 34, மூட்டை தூக்குவது போல ஐஸ் கட்டி தூக்கும் வேலை. கண் திறக்கவில்லை. மூச்சில் தண்ணீர்ச் சத்தம்.

விபத்துப் பதிவேட்டை டாக்டர்தான் எழுத வேண்டும். டாக்டர் அகிலனுக்கு இருப்பது இரண்டு கை. "சிஸ்டர், நீங்க எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். எப்போதும் நடப்பதுதான். கூடவே வந்த மேனேஜர் செல்வின் வாய் ஓயாமல் சொன்னார், நான் எழுதினேன். லீவு கொடுக்காத கோபத்தில் ஆபரேட்டர் இசக்கிமுத்து வால்வைத் திறந்துவிட்டு ஓடிவிட்டானாம்.

அந்தத் தாளில் "யார் சொன்னது" என்று ஒரு கட்டம் உண்டு. கூட வந்தவர் என்று எழுதினால் அவர் பெயர், உறவு, முகவரி, கையெழுத்து என்று இன்னும் நான்கு கட்டம் நிரப்ப வேண்டும். நோயாளி என்று எழுதினால் ஒரே சொல்லில் முடிந்துவிடும். இருபத்தெட்டு வருஷமாக நான் பார்த்த எல்லா டாக்டரும், எல்லா சிஸ்டரும் அங்கே நோயாளி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆறு தாளிலும் அப்படியே எழுதினேன்.

பன்னிரண்டு மணிக்கு அந்த இசக்கிமுத்துவே ஆட்டோவில் வந்தார். இரண்டு கண்ணும் வெந்திருந்தது. வாசலில் போலீஸ் பிடித்துக்கொண்டது.

மூன்று மணிக்கு சகாயம் கண் திறந்து கொஞ்சம் பேசினார். காவலுக்கு உட்கார்ந்திருந்த ஏட்டு சங்கரநயினாரிடம் போய்ச் சொன்னேன். அது கணக்கில் வராது என்றார். மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் ஐந்தரைக்கு வருவதாக இருந்தது. நான்கு ஐம்பதுக்குச் சகாயம் இறந்தார்.

மனைவி பெயர் ரோஸ்லின். வார்டு வாசலில் விழுந்து அழுதாள். அவள் கையில் அவருடைய சட்டை, செருப்பு, வேனில் கூடவே வந்த டிபன் கேரியர் எல்லாவற்றையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன்.

விரிப்பு நான்கும் கிடைக்கவில்லை.

17.6.2022, வெள்ளி

விடுப்பு. தலைக்குக் குளித்தேன். மத்தியானம் தூங்கினேன்.

3.7.2022, ஞாயிறு

பஸ்ஸில் ஐஸ் பிளாண்டைக் கடந்து போனேன். கேட்டில் சீல் வைத்திருக்கிறார்கள். மதிலோரம் பச்சை நிற பைக் ஒன்று நிற்கிறது. இருக்கையில் காக்கை எச்சம்.

12.9.2022, திங்கள்

இசக்கிமுத்து ஜாமீனில் வந்து கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறார். இடது கண் போய்விட்டது. வலது கண்ணைக் காப்பாற்றலாம். தினமும் காலை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே இங்கே வருகிறார். ஒல்லி. பேச்சும் ஒல்லிதான். வரிசையில் தன் முறை வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மருந்து விடும்போது கேட்டார்: "சிஸ்டர், சகாயம் கடைசியா எதுவும் சொன்னானா?"

"இல்ல" என்றேன்.

"அவன் பேசியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர் சொல்வது போலச் சொன்னார்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் சொட்டு மருந்து விடச் சொன்னேன். வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னேன்.

25.12.2022, ஞாயிறு

பைக் அங்கேயேதான் நிற்கிறது. இரண்டு டயரிலும் காற்றில்லை.

9.2.2024, வெள்ளி

ஏழாம் படுக்கைக்குக் குடலிறக்க அறுவை முடிந்து நான்கு நாள். பெயர் வேலாயுதப்பெருமாள், செஷன்ஸ் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தையல் பிரியும், பேசாதீர்கள் என்றால் கேட்பதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்குவதாகப் பாவனை செய்து தப்பித்துக்கொள்வார். எனக்கு அந்த வசதி இல்லை.

கட்டு மாற்றும்போது பேச்சுவாக்கில் கேட்டேன். "என் கூட வேலை பாக்குற ஒருத்திக்கு ஒரு சந்தேகம் சார். ஒரு நோயாளி அவகிட்ட ஏதோ சொல்லிட்டு இறந்துட்டாரு. அது கேள்விச் சாட்சிதானே? கோர்ட்டுல செல்லாதுதானே?"

"யாரு சொன்னா?"

"ஒரு ஏட்டு."

சிரித்தார். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏட்டு பாதிய மட்டும் படிச்சிருக்கான். அடுத்தவன் சொன்னத நான் கேட்டேன்னா செல்லாது, ஏன்? அந்த அடுத்தவனையே கூப்பிட்டு விசாரிக்கலாம்ல. ஆனா அடுத்தவன் செத்துட்டா? எங்கேர்ந்து கூப்பிட? அதனால செத்தவன் தன் சாவுக்கு என்ன காரணம்னு சொன்னது மட்டும் செல்லும். அது பெரிய விதிவிலக்கு."

"மாஜிஸ்திரேட் எழுதியிருந்தாத்தானே?"

"எவன் காதுல விழுந்தாலும் செல்லும்மா. டாக்டரு, சிஸ்டரு, தெருவப் பெருக்குறவுக. நம்புறதும் நம்பாததும் ஜட்ஜ் பாடு. இன்னும் ரெண்டு மூணு இருக்கு. தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்ட பேச்சு, அது ஒண்ணு. எவன் சும்மா போட்டுக்குவான்? வேலையோட வேலையா எழுதி வச்ச எழுத்து, அது ஒண்ணு. எழுதுனவன் செத்துட்டா அந்த எழுத்தே பேசும். உயிரோட இருந்தா, ஆளே வந்து கூண்டுல நிக்கணும்."

"நிக்காம இருந்தா?"

"ஒங்க கூட வேலை பாக்குறவுக பாடு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோர்ட்டில் முப்பது வருஷம் இருந்தவர்.

10.2.2024, சனி

ஒன்றே முக்கால் வருஷமாக நான் ஏட்டையாவின் பாதிச் சட்டத்தில் சௌகரியமாகக் குடியிருந்திருக்கிறேன். செல்லாத சரக்கை யாரிடம் போய்ச் சொல்ல என்று இருந்தேன். இப்போது அது செல்லும் சரக்கு என்கிறார்கள்.

அன்றைக்குச் சகாயம் சொன்னதை இதில் இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். வால்வைத் திறந்தது தான்தான் என்று சொன்னார். மிஷினை நிறுத்தாமல் எண்ணெய் வடிக்கும் வால்வைத் திறந்தால் அமோனியாவும் வந்துவிடும் என்று இசக்கிமுத்து மறுத்துவிட்டு வெளியே போனார். படகுக்காரர்கள் நிற்கிறார்கள், நிறுத்த முடியாது, நீ திற என்று மேனேஜர் இவரிடம் சொன்னார். திறந்தார். திரும்ப மூட வரவில்லை. புகைக்குள் திரும்ப ஓடிவந்து இவரை வெளியே இழுத்துப் போட்டதே இசக்கிமுத்துதான்.

இன்னொன்றும் சொன்னார். அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

5.3.2024, செவ்வாய்

சம்மன் வந்தது. டாக்டர் அகிலன் மேல்படிப்புக்கு வடக்கே போய்விட்டார். பதிவேட்டில் கையெழுத்து அவருடையது, எழுத்து என்னுடையது, அதனால் அரசுத் தரப்புச் சாட்சி நான். வழக்கு இசக்கிமுத்து மேல், கொலை ஆகாத மரணத்தை விளைவித்ததாக. பத்து வருஷம் வரை போகலாம். மற்ற ஐந்து பேரும் ஐஸ் உறைய வைக்கும் தொட்டிப் பக்கம் நின்றவர்கள், வால்வைத் திறந்தது யார் என்று பார்க்கவில்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். செல்வின் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பக்கபலம் என் ஒற்றைத் தாள். இறந்தவரே சொன்னதாக அதில்தான் இருக்கிறது.

செவிலியர் கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் மூன்றாவது. ஜூனில் வரும்.

14.3.2024, வியாழன்

அரசு வக்கீலைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர்தான், மோர் வாங்கிக் கொடுத்தார்.

"பயப்படாதீங்க சிஸ்டர். இது உங்க எழுத்தா? ஆமா. யார் சொன்னதை எழுதினீங்க? நோயாளி சொன்னதை. முடிஞ்சுது. பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போயிரலாம்."

"நோயாளி சொல்லலேன்னா?"

மோர் தம்ளரை மேஜையில் வைத்தார். "எழுதியிருக்கீங்களே."

"எழுதியிருக்கேன்."

"அப்ப சொல்லியிருக்காரு" என்றார். "வேற மாதிரி சொன்னீங்கன்னா பொய்யா எழுதுனதா ஆகும். பதினேழு பி மெமோ வரும், துறை விசாரணை நடக்கும். பென்ஷன் வர்ற வயசுல ஒங்களுக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். பைக்கைப் பார்க்காமல் இருக்க பஸ்ஸில் மறுபக்கம் உட்கார்ந்தேன்.

19.3.2024, செவ்வாய்

பயமாக இருக்கிறது. வெள்ளைப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

20.3.2024, புதன்

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். கூண்டுக் கட்டையில் யாரோ பேனாவால் பூ வரைந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் இசக்கிமுத்து, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான்தான் போடச் சொன்னேன். செல்வின் முன் பெஞ்சில். ரோஸ்லின் பின் பெஞ்சில், செல்வினின் ஆட்களோடு. அவள் புருஷனைக் கொன்றவனுக்குத் தண்டனை வாங்கித் தருவதாக அவர்கள்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வண்டி வைத்துக் கூட்டிவருகிறார்களாம்.

எழுத்து என்னுடையதா என்றார் அரசு வக்கீல். ஆமாம் என்றேன். யார் சொன்னதை எழுதினீர்கள் என்றார்.

"மேனேஜர் செல்வின் சொன்னதை" என்றேன்.

டைப் அடிக்கும் பெண் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வக்கீல் தாளை என் முன்னால் நீட்டி, நோயாளி என்று இருக்கிறதே என்றார். எல்லாத் தாளிலும் அப்படித்தான் எழுதுவோம், கட்டம் குறைச்சல் என்றேன். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் சகாயராஜுக்கு நினைவே இல்லை, மூன்று மணிக்குத்தான் பேசினார், என்னிடம் பேசினார் என்றேன். ஏட்டையாவிடம் சொன்னதையும் சொன்னேன்.

அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கேட்டார். அரசுத் தரப்புக்கு எதிராகப் பேசும் சாட்சிக்கு அப்படி ஒரு பெயர். உண்மையைச் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. பிறகு அவரே குறுக்கு விசாரணை செய்தார். எதிரி இசக்கிமுத்துவிடம் என்ன வாங்கினீர்கள், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, இதெல்லாம் நேற்று ஜோடித்த கதைதானே என்றார். முதல் கேள்விக்கு ஒன்றும் வாங்கவில்லை என்றேன். இரண்டாவதற்கு, வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். மூன்றாவதற்கு, ஜோடிக்கவில்லை என்றேன்.

நீதிபதி அம்மா அதுவரை பேசவில்லை. இப்போது சொன்னார்: "சாராம்சம் வேண்டாம். அவர் வாயில வந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

சொன்னேன். இருபத்தொரு மாதமாக ஒரு வார்த்தை மாறாமல் உள்ளேயே கிடந்தது, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நாந்தான் தொறந்தேன் சிஸ்டர். இசக்கியண்ணன் வேண்டாம்னாவ. மேனேஜர் தொறக்கச் சொன்னாரு. மூட வரல. அண்ணன்தான் என்னைய இழுத்தாவ, அவுகளுக்குக் கண்ணு தெரியுதான்னு பாருங்க. ரோஸ்லினு வந்தா சொல்லுங்க. பைக் சாவி டிபன் கேரியர்ல அடித்தட்டுல இருக்கு. உப்புத்தண்ணித் தொட்டில விழுந்துரும்னு அதுல போட்டு வச்சேன். வண்டிய வெயில்ல போடாம எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க."

டிபன் கேரியர் என்று சொல்லும்போதே பின் பெஞ்சில் ரோஸ்லின் எழுந்து நின்றுவிட்டாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை, வெளியே போய்விட்டாள். இசக்கிமுத்துவின் வக்கீல் கேள்வி எதுவும் இல்லை என்றார். இசக்கிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாவியை மட்டுமாவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்போது பேசினார் என்று கேட்பாள். பேசினார் என்றால் வேறு என்ன பேசினார் என்று கேட்பாள். அதனால் சாவியையும் சேர்த்து விழுங்கினேன். வழக்கில் நான் செய்ததற்கு ஒரு ஏட்டைக் காரணம் காட்டலாம். இதற்கு யாரையும் காட்ட முடியாது. வெட்கமாக இருக்கிறது.

8.4.2024, திங்கள்

மெமோ வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். இரண்டு வரியில் கொடுத்தேன். பெரிய சிஸ்டர் படித்துவிட்டு, "கொஞ்சம் அழுது எழுதியிருக்கலாம்டீ" என்றார்.

10.6.2024, திங்கள்

பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. மூன்றாவது இடத்தில் வேறு பெயர்.

12.6.2024, புதன்

தீர்ப்பு. இசக்கிமுத்து விடுதலை. செல்வின் மேல் புது வழக்கு நடத்தச் சொல்லி உத்தரவு. என் சாட்சியத்தை நம்புவதற்கு நீதிபதி ஒரே காரணம் எழுதியிருக்கிறாராம். வேலாயுதப்பெருமாள் ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் செய்து சொன்னார். சாகும்போது பைக் சாவியைப் பற்றிப் பேசியதாக யாரும் ஜோடிக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாராம்.

"ஒங்க கூட வேலை பாக்குறவுக நல்லா இருக்காவளா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன்.

16.6.2024, ஞாயிறு

இன்றைக்குச் சகாயம் இறந்து இரண்டு வருஷம். காலைப் பணி. மருந்து கொடுத்து முடித்துப் பத்து மணிக்கு வராந்தாவுக்கு வந்தேன். பெஞ்சில் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். கோயிலில் நினைவுப் பூசை முடித்து நேரே வந்திருக்கிறாள். மடியில் ஒரு துணிமூட்டை.

"ரெண்டு வருசமா எங்க இருந்திய சிஸ்டர்?"

"இங்கதாம்மா இருந்தேன். இதே வார்டுல."

"ஸ்டேசன்ல கேட்டேன், சாவி இல்லன்னாவ. பூட்ட ஒடைச்சு எடுத்துட்டுப் போன்னாவ. அவரு வண்டிய ஒடைக்க மனசு வரல. ஒவ்வொரு மழைக்கும் அது அங்க நனையுதேன்னு அழுவேன். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"அந்தக் குடும்பத்தப் பாத்து மண்ண வாரித் தூத்துனேன். அந்த அண்ணனுக்கு மத்தக் கண்ணும் போவணும்னு நேந்துகிட்டேன். கேட்டியளா?"

கேட்டேன். மன்னித்துக்கொள் என்றேன்.

மூட்டையை அவிழ்த்தாள். அன்றைக்கு நான் கையெழுத்து வாங்கிக் கொடுத்த டிபன் கேரியர். அவர் சாப்பிடாத சாப்பாடு அதில் இருக்கும் என்று, திறந்து கழுவ மனசில்லாமல், அப்படியே துணியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டாளாம். கோர்ட்டில் நான் சொன்ன பிறகும் மூன்று மாதம் கீழே இறக்கவில்லை. "தனியா தொறக்க பயமா இருந்துச்சு" என்றாள். "நீங்கதான கேட்டிய. நீங்களே கூட இருங்க."

கொக்கி துருப்பிடித்திருந்தது. கட்டு வெட்டும் கத்தரியால் நெம்பினேன். மேல் தட்டில் சோறு கறுப்புப் பொடியாகிக் கிடந்தது. நடுத்தட்டில் என்ன குழம்பு என்று தெரியவில்லை. வாளைக் கருவாடு என்று அவளே சொன்னாள். அடித்தட்டில் ஒரு சாவி, பச்சைக் கயிறு கட்டியது. கொஞ்சம்கூடத் துரு இல்லை.

அவள் அதை எடுத்துக் கையில் மூடிக்கொண்டாள். நான் மற்ற தட்டுகளைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவினேன். கழுவும்போது அழுதேன். திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள்.

"வேற என்ன சொன்னாரு?"

"அவ்வளவுதாம்மா. கோர்ட்டுல சொன்னதுதான்."

"நான் பாதிலயே வெளிய போயிட்டேன்" என்றாள். "மொதல்லேர்ந்து சொல்லுங்க. அவரு எப்படிச் சொன்னாரோ அப்படியே."

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.